பெற்றேன்

திலகவதி மேடத்துக்கு,

நேற்று, வியாழக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி வந்த பஸ்ஸில் உங்கள் சேலையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தாளே, அவளுடைய அம்மா நான். பெயர் ப்ளேவியா. சேலைக்காக மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாகைக்குளத்தில் இறங்கும்போது உங்கள் வக்கீல் அட்டையை என் கையில் திணித்து, "என்ன செய்யறதா இருந்தாலும் அதுக்கு முன்னால எனக்கு எழுதுங்க. தேதிவாரியா எழுதுங்க. யாரு நல்லவங்க யாரு கெட்டவங்கன்னு எழுதாதீங்க, என்ன நடந்துச்சோ அதை மட்டும் எழுதுங்க" என்று சொன்னீர்கள். அப்படியே எழுதப் பார்க்கிறேன். ஜோவி இப்போதுதான் தூங்கினாள். ஜோவி என்றால் ஜோவிட்டா, இரண்டரை வயது. செய்யவேண்டியது என்ன என்று முடிவெடுத்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்பாடு வேண்டும் என்று கேட்டவள் நான். என் கணவர் நெவில் இல்லை. அவர் மேல் பழி வரக்கூடாது.

நானும் அவரும் சண்டை போட்டுப் பிரியவில்லை மேடம். ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நான் தூத்துக்குடி மூன்றாம் மைலில் மாடி வீட்டில் குழந்தையோடு இருக்கிறேன். அவருடைய அம்மா, என் மாமியார், கடற்கரைப் பக்கம் அவர்களுடைய வீட்டில் இருக்கிறார். நான் மாமி என்று கூப்பிடுவேன். நெவிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு கேட்டால், "நான் எப்ப சொன்னேன்?" என்பார். நர்சரி சேர்க்கைப் படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று மூன்று மாதம் போனது. கடைசியில், "நான் எப்ப சொன்னேன்?" கெட்ட எண்ணம் இல்லை, மறதி. ஆனால் எப்போது சொன்னேன் என்று யாரும் கேட்கவே முடியாத ஓர் இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

சமரசம் பேசிவைத்த வக்கீல் மெய்யேடு என்று ஓர் ஆப் இருப்பதைச் சொன்னார். பிளாக்செயினில் ஓடுவது. கணவனும் மனைவியும் போட்ட ஒப்பந்தம், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நடப்பது, எல்லாம் அதில் பதிவாகிவிடும். ஒரே கம்ப்யூட்டரில் இல்லை, நாற்பது ஐம்பது கம்ப்யூட்டர்களில் ஒரே ஏடு. ஒன்றில் ஒரு வரியை மாற்றினால் அடுத்த வரியோடு அது ஒட்டாது, மற்ற ஏடுகள் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒருவராலும் அழிக்க முடியாது, முன்தேதி போட முடியாது. "நாளைக்கு கோர்ட்டுக்குப் போனாலும் ஜட்ஜ் இதைத்தான் பார்ப்பாரும்மா. அவன் சொன்னான் இவள் சொன்னாள் எதுவும் எடுபடாது" என்றார்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நான் படித்த கான்வென்டில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் அழிரப்பர் கொண்டுவரக் கூடாது. சிஸ்டர் பெனடிக்டா நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், வெள்ளை மை தடவியிருக்கிறதா என்று. தடவியிருந்தால் நோட்டு முழுவதும் மறுபடி எழுத வேண்டும். ஏழு வருடம் அப்படி எழுதியவள் மேடம் நான். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத எனக்கு வரும். நெவிலுக்குத்தான் வராது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீங்கள் கேட்டது தேதி.

ஏப்ரல் 28, திங்கள். கையெழுத்துப் போட்டோம். அவர் வீடியோவில், நான் வக்கீல் ஆபீசில். ஒப்பந்தம் இதுதான். குழந்தை என்னிடம் இருப்பாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் தரப்பிடம் கொடுக்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அவர் ஊரில் இல்லாததால் அவர் தரப்புக்கு மாமி. இரண்டு தரப்புக்கும் ஒரே மொழி இருக்க வேண்டும் என்றார்கள். மாமிக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் தமிழ் நன்றாக வாசிப்பார், கோயிலில் வாசகம் வாசிப்பவரே அவர்தான். அதனால் தமிழ் என்று வைத்தோம். அதற்கும் நான்தான் சரி என்றேன்.

பிறகு பதினோராவது பிரிவு. நீங்கள் பஸ்ஸில் இரண்டு தடவை கேட்டது இதைத்தான். பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, வெளிநாடு அழைத்துப் போவதற்கு என்று மூன்று சம்மதக் கடிதங்களில் இரண்டு பேரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு உள்ளே பூட்டி வைத்துவிட்டோம். குழந்தை தொடர்ந்து முப்பது நாள் ஒரு தரப்பிடமே இருந்தால் அந்த வீடுதான் குழந்தையின் வீடு. அப்போது மற்றவர் போட்ட கடிதங்கள் தாமாகத் திறந்துகொள்ளும். யாரையும் கேட்க வேண்டாம், யாரும் தடுக்கவும் முடியாது. ஒருவர் குழந்தையை விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டால் அவர் பின்னால் கையெழுத்துக்கு அலையக் கூடாது என்பதற்காகப் போட்டது. அதாவது எனக்காகப் போட்டது. நான் கேட்டுப் போட்டது.

அன்றைக்கே ஆப்பைத் திறந்து வைத்தார்கள். மேலே ஜோவியின் படம், மாமி வீட்டு மொட்டைமாடியில் எடுத்தது, பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே இரண்டு பொத்தான். ஒன்றில் 'ஒப்படைத்தேன்'. இன்னொன்றில் 'பெற்றேன்'.

மேடம், எனக்குத் தமிழ் தெரியும். கடிதம் பெற்றேன், பரிசு பெற்றேன், எல்லாம் தெரியும். ஆனால் என் குழந்தையின் படத்துக்குக் கீழே பெற்றேன் என்று போட்டிருந்தால் நான் என்னவென்று வாசிப்பேன்? நீங்களும் ஒரு தாய் என்றால் உங்களுக்குப் புரியும். பெற்றவள் யார் என்று கேட்கிறது, சரிபார்க்கிறது என்று நினைத்தேன். அமுக்கினேன். பச்சையாக மாறி, 'பதிவாகியது' என்று வந்தது. வக்கீல் ஆபீசிலிருந்தவரும் தலையாட்டினார். பெற்றவள் நான் என்று உலகமே ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

பெற்றுக்கொண்டேன் என்று நாலு எழுத்து கூடப் போட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

மே 3, சனி. பத்து மணிக்கு மாமி வந்தார். நான் 'ஒப்படைத்தேன்' அமுக்கினேன், அவர் தன் போனில் எதையோ அமுக்கினார். பச்சை வந்தது.

மே 4, ஞாயிறு. ஆறு மணிக்குக் குழந்தையைக் கொண்டுவந்தார். என் போனில் படமும் 'பெற்றேன்' பொத்தானும் வந்தன. ஒருதடவை சொல்லியாகிவிட்டதே, எத்தனை தடவை சொல்ல என்று தள்ளிவிட்டேன்.

மே 10, சனி. நான் 'ஒப்படைத்தேன்' அமுக்கினால் அமுங்கவே இல்லை. பொத்தான் மங்கலாக இருந்தது. நெட் இல்லை என்று நினைத்தேன். இரவு நெவிலிடம் சொன்னேன். அவர் போட்ட பதிலை அப்படியே எழுதுகிறேன், போனில் பத்திரமாக இருக்கிறது: "அதை விடு ப்ளேவி. நீ அந்த ஆப்பையெல்லாம் பாத்துக்கிட்டுக் கஷ்டப்படாத. நான் இங்க இருந்தே பாத்துக்கறேன்." இதைக் குறித்துக்கொள்ளுங்கள் மேடம். அவர் பொறுப்பில்லாதவர் என்று கோர்ட்டில் யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

இனி மாமியைப் பற்றி. நல்லவர் கெட்டவர் என்று எழுதாதே என்றீர்கள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஜோவி பிறந்தது ஆபரேஷனில். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமி பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நான் நாலு பெத்தேன், நாலும் வீட்டுல. இவ ஒண்ணு. அதையும் கீறித்தான் எடுத்தாக." அதிலிருந்து பெற்றது என்ற பேச்சை அவர் எடுத்தாலே எனக்கு வயிற்றில் தையல் போட்ட இடம் சுருக்கென்னும்.

மே 11, ஞாயிறு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வாசலில் நின்று கேட்டார்:

"ஏட்டி, பெத்தேன்னு போட்டுட்டியா?"

"அதெல்லாம் ரெண்டரை வருஷத்துக்கு முன்னாலயே முடிஞ்சுது மாமி" என்றேன்.

"எங்க முடிஞ்சுது? என் போன்ல எனக்கு இன்னும் சிவப்பாத்தான இருக்கு."

"உங்களுக்கு என்னைப் பாத்தா எப்பவுமே சிவப்புத்தான்."

நன்றாகப் பதில் கொடுத்தேன் என்று அன்றைக்கு முழுதும் சந்தோஷமாக இருந்தேன்.

மே 18, ஞாயிறு. அதே கேள்வி. "பெத்தேன்னு போடுட்டி, மறந்துராத." நான் கதவைச் சாத்திவிட்டேன்.

மே 25, ஞாயிறு. "போனைக் கொண்டா, நான் போட்டுத் தாரேன்" என்று என் போனைப் பிடுங்கவே பார்த்தார். ஜோவி பயந்து அழுதாள். இதை நெவிலிடம் சொன்னேன். "அம்மாவைக் கண்டுக்காத. வயசாகுதுல்ல. நான் சத்தம் போட்டு வைக்கிறேன்" என்றார். சொன்னபடி செய்தார். ஜூன் 1, ஞாயிறு அன்று மாமி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்காமலே திரும்பினார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

ஜூன் 3, செவ்வாய், காலை ஏழே கால். ஜோவிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். போனில் வந்தது: 'முப்பது நாள் நிறைவு. குழந்தையின் வீடு: தந்தை தரப்பு. தாய் தரப்பின் சம்மதக் கடிதங்கள் விடுவிக்கப்பட்டன.' குழந்தை என் மடியில் இருக்கிறாள் மேடம். இட்லி வாயில் இருக்கிறது. அவள் இங்கே இல்லை என்று ஐம்பது கம்ப்யூட்டர் சொல்கிறது.

ஜூன் 5, வியாழன். திருநெல்வேலியில் இருக்கும் மெய்யேடு சேவை மையத்துக்குப் போனேன். ஏடு என் முன்னால் திரையில் ஓடியது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வரி: 'தந்தை தரப்பு ஒப்படைத்தது. தாய் தரப்பு பெறவில்லை.' ஐந்து ஞாயிறு, ஐந்து வரி. அவர்கள் என் பிள்ளையை வாசல் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள், நான் வாங்கிக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். யாராவது அதை வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருமாதிரிதான் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் பொத்தானின் அர்த்தம் எனக்கு விளங்கியது. மாமி அந்த வார்த்தையை வைத்து வாராவாரம் என்னைக் குத்திக்கொண்டே இருந்ததால்தான் அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றாமல் போனது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"பாருங்க, குழந்தை இங்கதான் இருக்கா" என்று ஜோவியை மேசைமேல் தூக்கி நிறுத்தினேன்.

"தெரியுதுங்க. ஆனா ஏட்டுல இல்லையே" என்றார் அந்த அம்மா.

"தப்பா நடந்துட்டுதுன்னு சொல்றேன், அழிச்சுடுங்க."

"எங்க முதலாளியே வந்தாலும் அழிக்க முடியாதுங்க. அதுக்குத்தான இதுல சேர்ந்தீங்க."

கடிதத்தையாவது மறுபடி பூட்டச் சொன்னேன். திறந்தது திறந்ததுதானாம். நெவில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டாராம், செவ்வாய்க்கிழமை காலை ஏழு பதினாறுக்கு. கடைசியில் அந்த அம்மாவுக்கே பாவமாக இருந்திருக்கும். ஒரு வழி சொன்னார். அழிக்க முடியாது, மேலே சேர்க்கலாம். நிலுவையில் கிடந்த 'பெற்றேன்' பொத்தானை அங்கேயே என்னை அமுக்க வைத்தார், மங்கலாக இருந்த 'ஒப்படைத்தேன்' மறுபடி தெளிந்தது. இனிமேல் நாலு வாரம் ஒரு பிசகும் இல்லாமல், சரியான நேரத்தில், சரியான பொத்தானை அமுக்கி, பொய்ப்பதிவு இல்லாமல் இருந்தால் நான் மனுப் போடலாம். அப்போது மிஷின் இல்லாமல் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்ப்பார். "ஒரு சனிக்கிழமை தவறினாலும் அதுவும் ஏறிடும்மா. பிள்ளையைத் தர மறுத்தாள்னு ஏறிடும்" என்றார்.

அங்கிருந்து திரும்பும்போதுதான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தப்பாப் போட்டதும் அழியாதேம்மா அதுல" என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்ட மாதிரி சொன்னீர்கள்.

நெவில் புதன்கிழமையே வந்துவிட்டார். திடீரென்று லீவு கிடைத்ததாம், கடவுள் செயல் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்தச் சமயத்தில் அவர் ஊரில் இருப்பது எவ்வளவு ஆறுதல். நேற்று இரவு போனில் பேசினோம். நான் நேராகவே கேட்டேன். நீங்கள் கேட்கச் சொன்னீர்கள் அல்லவா.

"கடிதம் திறந்திருக்காமே. புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருவீங்களா?"

சிரித்தார். "உனக்கென்ன பைத்தியமா? பொடிப்புள்ளைய வச்சுக்கிட்டு நான் அங்க என்ன செய்யப் போறேன்? அது ஏதோ ஆப்புல கோளாறு. நாலு வாரத்துல சரி பண்ணிரலாம். நீ மட்டும் சனிக்கிழமை தவறாம அனுப்பிரு. இல்லன்னா உனக்குத்தான் கெட்ட பேரு."

சேவை மையத்து அம்மா சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. அதனால் எனக்கு நம்பிக்கை வந்தது.

நாளைக்கு அவரே வந்து குழந்தையை வாங்கிக்கொள்கிறார். மணப்பாடு கோயிலுக்குக் கூட்டிப்போகிறாராம், அவருடைய சின்ன வயது வேண்டுதல். ஸ்வெட்டர் கொடுத்துவிடச் சொன்னார். இந்த வெயிலில் எதற்கு என்றேன். கார் ஏசி குளிரும் என்றார். தடுப்பூசி அட்டையும் கேட்டார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. அவளுக்கு வண்டியில் வாந்தி வருமே, அந்த மருந்து எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார். ஆறு மணி நேரம் என்றேன். "ஆறுதானா? திரும்பவும் குடுக்கலாமா?" என்றார். மணப்பாட்டுக்கு எவ்வளவு சுற்றிப் போனாலும் இரண்டு மணி நேரம்தான் ஆகும். இரண்டு வருடமாகக் குழந்தையைப் போனில் மட்டும் பார்த்தவர், வாந்தி வரும் என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிறார். எனக்கு மனது இளகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டேன். மருந்தை எத்தனை சொட்டு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி பாட்டிலில் ஒட்டியிருக்கிறேன்.

இவ்வளவுதான் நடந்தது என்று முடித்திருப்பேன். இன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமி போன் செய்தார். புது நம்பரிலிருந்து. பக்கத்தில் பைப்பு திறந்திருக்கும் சத்தம், வாளியில் தண்ணீர் விழுகிறது. பேச்சே சரியாகக் கேட்கவில்லை.

"ஏட்டி, நாளைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிரு."

"காய்ச்சல் இல்லையே மாமி."

"இருக்குன்னு சொல்லு. ஆஸ்பத்திரில சேத்திருக்குன்னு சொல்லு. கதவைப் பூட்டிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு."

"பொய்ப்பதிவு போட்டா என் மனு போயிரும். உங்களுக்கு அதுதான வேணும்?"

"கிறுக்கி" என்றார். "அவன் என் வயித்துல பொறந்தவன்ட்டி. இதுக்கு மேல நான் எப்படிச் சொல்ல?" என்றார். நான் வைத்துவிட்டேன். மறுபடி இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. அந்த நம்பரையே தடுத்துவிட்டேன்.

பாருங்கள் மேடம், எவ்வளவு திட்டம் போட்டு வருகிறார். முதல் வாரத்திலேயே நான் தவற வேண்டும். தர மறுத்தாள் என்று ஒரு வரி ஏற வேண்டும், அல்லது பொய் சொன்னாள் என்று ஒரு வரி. இரண்டும் அழியாது. பையனிடம் குழந்தை ஒட்டிக்கொள்வதுகூடப் பொறுக்கவில்லை அவருக்கு. நெவிலிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மாவும் மகனும் சண்டை போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்கு போன் செய்யலாமா என்றும் யோசித்தேன். அட்டையில் சனி, ஞாயிறு அழைக்க வேண்டாம் என்று போட்டிருக்கிறது. அதனால் இதை மெயிலில் அனுப்பிவைக்கிறேன். அவசரம் இல்லை, திங்கள்கிழமை படித்தால் போதும். அதற்குள் முதல் வாரத்தின் இரண்டு பதிவும் சுத்தமாக ஏறியிருக்கும், அதையும் சேர்த்தே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். நாளை பத்து மணிக்கு ஒப்படைத்தேன். நாளை மறுநாள் ஆறு மணிக்குப் பெற்றேன். இந்தமுறை பார்த்து அமுக்குவேன். ஐந்தே முக்காலுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

மாமி அப்படிச் சொன்னதால் மனது கேட்காமல் இப்போது போய் ஜோவியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கழுத்திலும் வைத்துப் பார்த்தேன். தெர்மாமீட்டரும் வைத்தேன். காய்ச்சல் இல்லை. நன்றாக இருக்கிறாள்.